மூன்றாம் மாடிச் சும்மாடு

என் சமையலறையில் அரிசி டப்பாவுக்கு மேலே அடித்த ஆணியில் ஒரு சும்மாடு தொங்குகிறது. தலைச்சுமைக்கு அடியில் வைப்பதற்காகப் பழைய நூல் புடவையைக் கிழித்து, முறுக்கி, வட்டமாகச் சுற்றி, அவிழ்ந்துவிடாமல் நாலு இடத்தில் கோணி ஊசியால் தைத்தது. ஒரு காலத்தில் கத்தரிப்பூ நிறமாக இருந்திருக்க வேண்டும். இப்போது எண்ணெயும் வியர்வையும் ஏறி என்ன நிறமென்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் பிரிமணை என்றுதான் நினைக்கிறார்கள். என் நாத்தனார் ஒருமுறை கொதிக்கிற சாம்பார்ச் சட்டியை இதன்மேல் இறக்கிவிட்டாள். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அவள் சாப்பிடாமலே கிளம்பிப் போனாள், இரண்டு மாதம் பேசவும் இல்லை. ஒரு துணிச்சுருளுக்கா இத்தனை கோபம் என்று என் கணவர் கேட்டார். அவரிடமே அதைச் சரியாகச் சொல்ல எனக்கு வெகுநாள் ஆயிற்று.

எனக்குப் பிறந்த ஊர் களமருதூர். இரண்டு ஏக்கர் நஞ்சையும் நாலு பெண்களும் இருந்த வீடு. பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை என் தலை காலியாக இருந்த நாள் குறைவு. நாற்றுக்கட்டு, கதிர்க்கட்டு, எருக்கூடை, தண்ணீர்க்குடம் என்று ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். உச்சந்தலையில் முடி கொட்டி ஒரு ரூபாய் அளவுக்கு வழுக்கை விழுந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று அம்மா அதைப் பூவால் மறைத்தாள். கள்ளக்குறிச்சிக்கு வாழ வந்தபோது, இனிமேல் என் தலையில் பூவைத் தவிர எதையும் வைக்கமாட்டேன் என்று கணவரிடம் முதல் வாரமே சொல்லிவிட்டேன். லாரி ஓட்டுகிறவர் அவர். "லோடு ஏத்தறதுக்குத்தான் நான் கீறனே, உனக்கு இன்னாத்துக்கு அது" என்று சிரித்தார். பிறகு நான் டைப்பிங் படித்து, அரசு அலுவலகங்கள் இருக்கும் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். மனு எழுதித் தருவேன், படிவம் நிரப்பித் தருவேன். கையில் மையைத் தவிர வேறு கறை படியாத பிழைப்பு. அதில் எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லிக்கொள்ள இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

நாங்கள் குடியிருப்பது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில். தரைத்தளம் வண்டி நிறுத்த, மேலே மாடிக்கு மூன்றாக மொத்தம் ஒன்பது வீடு. லிஃப்ட் கிடையாது. போர்த் தண்ணீர் உப்பு, அதில் பருப்பு வேகாது. அதனால் தெருவே கேன் தண்ணீரில்தான் பிழைத்தது. கம்பெனி வண்டி விடிகாலையில் தெருமுனையில் கேன்களை இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து வீடுவீடாகக் கொண்டுபோய்ப் போட ஒரு ஆள். அந்தத் தெருவை 'லைன்' என்பார்கள், லைன் யாருக்கோ அவருக்குத்தான் கூலி. முதலில் லைன் எடுத்திருந்த ஆள் மூன்றாம் மாடிக்கு ஏறவே மாட்டார். கீழே வைத்துவிட்டு ஒரு சத்தம் கொடுப்பார், அவ்வளவுதான். நானும் மற்ற இரண்டு வீட்டுக்காரிகளும் கேனைப் படிக்குப் படி இழுத்துக்கொண்டு போவோம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். தலையில் கேனோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

இருபது வயது இருக்கும். ஒல்லி. பாவாடைமேல் ஆண்கள் சட்டை ஒன்று போட்டிருந்தாள். கேன் தலையில் இந்தச் சும்மாட்டின்மேல் நேராக உட்கார்ந்திருந்தது, ஒரு கைகூடப் பிடிக்கவில்லை. மூச்சு வாங்கியது. "கொஞ்சம் கீழ வெச்சிட்டு நின்னு ஏறக் கூடாதா? அங்கங்க எடம் கீதே" என்றேன். அவள் கேனை உள்ளே கொண்டுவந்து அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் இறக்கிய பிறகுதான் பதில் சொன்னாள். "சொமய நடுவுல எறக்கற பழக்கம் இல்ல யக்கா."

அந்தப் பழக்கத்தின் காரணத்தை இன்னொரு நாள் சொன்னாள். கல்வராயன் மலையில் அவள் ஊருக்கு அப்போது வண்டி போகாது. மரவள்ளிக் கிழங்கோ புளியோ சாமையோ எதுவானாலும் தலையில் ஏற்றிப் பஸ் நிற்கிற ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். ஒரு வீட்டில் மூன்று பேர் போனால் மூட்டை ஒன்றுதான் இருக்கும். முதல் ஆள் ஒரு வளைவு வரை சுமப்பார். அங்கே அடுத்தவர் சும்மாட்டோடு வந்து நெருங்கி நிற்க, மூட்டை தலையிலிருந்து தலைக்கு மாறும். 'தலை மாத்தறது' என்று பெயர். மூட்டை தரையைத் தொடாது. "சரிவுல ஒத்த ஆளா கீழ வெச்சிட்டா, மறுபடி யாரு யக்கா தூக்கி உடறது?" என்றாள். இங்கே கேன் அப்படிப்பட்ட பாரம் இல்லை, தானே தூக்கிக்கொள்ளலாம் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் இறக்க மாட்டாள். மலையில் ஏறினவளுக்கு மாடி ஒரு பொருட்டா என்று கட்டடத்தில் பேசிக்கொண்டோம். பேசியது மட்டும்தான், யாரும் இறங்கிப் போய் ஒரு கை கொடுக்கவில்லை.

அவள் அப்பா கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. தங்கை பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். மேலே படிக்க வேண்டுமென்றால் ஊரிலிருந்து தினமும் இறங்கி ஏற முடியாது. இவள் எட்டாவதோடு நின்றவள். "அவ படிக்கணும், அதுக்கோசரம் எறங்கிட்டோம்" என்றாள், அடுத்த தெருவுக்குக் குடி மாறினதைச் சொல்வதுபோல. பைபாஸுக்கு அந்தப்பக்கம், ஏரியின் உள்வாயில், சிமெண்ட் ஷீட்டும் தார்ப்பாயுமாக ஐம்பது அறுபது வீடுகள் இருந்தன. பாதிப்பேர் மலையிலிருந்து வந்தவர்கள். மழைக்காலத்தில் ஏரி வீட்டுக்குள் வரும், வெயில் காலத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் லாரியில் குடம் வைத்துப் பிடிக்க வேண்டும். தெரு முழுக்கத் தண்ணீர் சுமந்து போட்டவள் மத்தியானம் வீட்டுக்குப் போய் அந்த வரிசையில் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மூவரும் சந்தைக்குப் போவதை என் பால்கனியிலிருந்து பார்ப்பேன். இரண்டு லாரி தாராளமாகப் போகிற அகலத்துக்கு ரோடு. அதில் அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் போவார்கள். ஒற்றையடிப் பாதையில் நடந்த கால்கள் அகலத்தை நம்பவில்லை. முன்னால் அம்மா, நடுவில் தங்கை, கடைசியில் இவள், எப்போதும் அதே வரிசை. நான் ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன், "இன்னா, மூணு பேரும் ரயிலு ஓட்டிக்கினு போறீங்க?" அவள் சிரிக்கவில்லை. "கடசில போறவதான் எல்லாத்தயும் பாக்க முடியும் யக்கா. எவ வழுக்கறா, எவ நிக்கறான்னு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த வாரமும் பக்கத்து வீட்டுக்காரியிடம் அதே ரயில் நகைச்சுவையைச் சொல்லிச் சிரித்தேன். அப்படிப்பட்ட ஆள்தான் நான்.

வெள்ளிக்கிழமைகளில் வாசல் கழுவுவேன். மூன்றாம் மாடிக்கு ஏது வாசல், கதவுக்கு வெளியே ஆறடிச் சிமெண்ட் தரை. சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்து, தண்ணீரை ஊற்றி, துடைப்பத்தால் படி வழியாகக் கீழே தள்ளிவிடுவேன். துணி போட்டு ஒற்றி எடுப்பதுதான் முறை. ஆனால் குனிந்தால் இடுப்பு வலிக்கும், படியில் தானாகக் காய்ந்துவிடும் என்று ஒரு சோம்பேறித்தனம். அந்த வெள்ளிக்கிழமையும் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கோலமாவு டப்பாவை எடுக்கும்போது வெளியே தடதடவென்று ஒரு சத்தம்.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், திருப்பத்தில், அவள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். வழுக்கியதும் ஆறேழு படி சறுக்கியிருக்கிறாள். வலது கால் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. ஊரில் வேறு யாராக இருந்தாலும் கேனை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்திருப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் கேன், போனால் போகிறது. அவள் விடவில்லை. தலையிலிருந்து சரிந்ததை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே விழுந்திருந்தாள். மலையில் மூட்டை உருண்டால் ஒரு குடும்பத்தின் மாதம் உருண்டு போய்விடும். அந்தப் பயம் கையிலேயே ஊறியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்த நிலையில் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கேன் ஒடயல யக்கா" என்பதுதான்.

கணுக்காலில் எலும்பு விரிசல். ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. சாயங்காலம் தண்ணீர்க் கம்பெனி ஓனர் எனக்குப் போன் செய்தார். "இன்னாம்மா ஆச்சு? படியில எதுனா கெடந்துச்சா?" என்று கேட்டார். நான் சொன்னேன், "ஒண்ணும் இல்லீங்க. அவதான் பாத்து ஏறியிருக்கணும்." பொய் என்று தெரியும். ஆனாலும் சொன்னேன். என் வாசல், என் சோப்பு, என் சோம்பேறித்தனம் எல்லாவற்றையும் அந்த ஒரே வாக்கியத்தில் அவள் காலடியில் தள்ளிவிட்டேன்.

நாலாம் நாள் ஒரு டஜன் சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஏரி உள்வாய்க்குப் போனேன். மனசாட்சியைச் சாத்துக்குடிப் பையில் போட்டு எடுத்துப்போன மாதிரி. அந்த வீட்டில் நிமிர்ந்து நிற்க நடுவில் மட்டும்தான் இடம். அவள் கயிற்றுக்கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தங்கை பள்ளிச் சீருடையோடு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அம்மா வாசலில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தாள். நான் போன நேரம் சரியில்லை. அதுவரை வண்டிக்காரரே கேன்களைக் கீழே வைத்துவிட்டுப் போவார் என்றும், வருகிற திங்கட்கிழமையிலிருந்து லைனை மொபெட் வைத்திருக்கும் ஒரு ஆளுக்குக் கொடுக்கப் போவதாக ஓனர் சொல்லி அனுப்பியிருந்தார். லைன் போனால் திரும்ப வராது. லைன் இல்லாவிட்டால் இந்த ஊரில் இருக்க முடியாது, மலைக்கே திரும்ப வேண்டியதுதான். தங்கைக்கு ப்ளஸ் டூ பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை.

"சின்னவ ஒரு ரெண்டு மாசம் பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு லைனு பாக்கட்டும்னு சொல்றேன், பெரிய பொண்ணு கேக்க மாட்டேங்குதும்மா. நீங்களாச்சும் சொல்லுங்க" என்று அம்மா என்னிடம் முறையிட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "ஆமாம், அடுத்த வருஷம் எழுதிக்கட்டுமே" என்று வாயைத் திறந்தேன்.

"அவ நிக்க மாட்டா" என்றாள் கட்டிலில் இருந்தவள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "நான் நின்னேன். அடுத்த வருசம் அடுத்த வருசம்னு எனக்கும் சொன்னாங்க. வரல." பிறகு அம்மாவையும் தங்கையையும் வெளியே தண்ணீர் பிடிக்க அனுப்பினாள். அவர்கள் குடத்தோடு போகும்வரை காத்திருந்து என்னைப் பார்த்தாள்.

"பாவாடயில சோப்பு வாசன அடிச்சிது யக்கா" என்றாள். "ரெண்டு தபா அலசியும் போவல."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஷீட்டில் இருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெஞ்சினாலோ திட்டினாலோ ஏதாவது பதில் வைத்திருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"ஓனர்கிட்ட நீங்க இன்னா சொன்னீங்கன்னும் தெரியும். வுடுங்க. பழம் வாங்கியாந்தீங்க, அம்மா துன்னும். எனக்கு வாண்டியது பழம் இல்ல. லைனு போவக் கூடாது. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் சொல்றேன். ஆனா யாரு தூக்கறது? உனக்குத்தான் கால் இல்லியே இப்ப."

"தல மாத்திக்கறோம். மத்த வூடெல்லாம் கீழ்வூடுதான், இல்லன்னா ஒரு மாடி, அத அம்மாவும் தங்கச்சியும் பாத்துக்குவாங்க. உங்க பில்டிங்தான் பேஜாரு. அம்மா ஒரு மாடிக்கு மேல ஏறாது, மூச்சு நின்னுடும். அதுக்கு மேல தங்கச்சி ஒரு மாடி. அதுக்கும் மேல அவ ஏறிக்கினு இருந்தா பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிடும்." என் பக்கம் விரலை நீட்டினாள். "மூணாவது மாடி நீங்க."

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அவள் விளையாடவில்லை என்று புரிந்தது. இடுப்பு வலி என்றேன். கடை திறக்கணும் என்றேன். கடைசியில் உண்மையான காரணமும் வந்துவிட்டது. "நாலு பேரு பார்த்தா இன்னா நெனப்பாங்க?" என்றேன்.

"களமருதூர்ல நாத்துக்கட்டு தூக்கனவங்கதான நீங்க? உங்க மாதிரி தூக்க அந்த ஊர்லயே ஆளு இல்லன்னு நீங்களே சொன்னீங்களே" என்றாள். எப்போதோ பீற்றிக்கொண்டது. ஒரு எழுத்து விடாமல் நினைவு வைத்திருந்தாள்.

மறுநாள் ஓனர் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னால் நின்று, படியில் சோப்புத் தண்ணீர் விட்டது நான்தான், போனில் சொன்னது பொய் என்றேன். நாற்பத்தேழு வயதில், ஊரில் பாதிப்பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவள், முதல்முறையாக என் பேரில் ஒரு மனு போட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிம்மா, பொம்பளைங்க நீங்க கூடிப் பேசிட்டீங்க. ஆனா லைனு அந்தப் பொண்ணு பேருல கீது. அவ தெனம் வந்து நிக்கணும். ஒரு நாளு வரலன்னாலும் அன்னைக்கே ஆளு மாத்திடுவேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். அவள் எப்படி மேலே ஏறினாள் என்பதை நான் மறக்கவே மாட்டேன். முதல் படியில் உட்கார்ந்தாள். மாவுக்கட்டுக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாகப் பின்புறமாக ஏறினாள். மொத்தம் ஐம்பத்து நான்கு படி. தூக்கிவிடப் போன என்னைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். மேலே போய்ச் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் எழுந்து நின்று, இந்தச் சும்மாட்டை என்னிடம் நீட்டினாள். "உச்சில வெக்காதீங்க, கொஞ்சம் முன்னால. கழுத்து நேரா. காலப் பாக்காதீங்க, மேல பாருங்க" என்றாள். எனக்குத் தெரியாததா என்று முணுமுணுத்துக்கொண்டு இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு இறங்கினேன்.

கீழே அம்மா மூச்சு வாங்க முதல் மாடிக்குக் கொண்டுவந்தாள். தங்கை அங்கே குனிந்து நெருங்கி நிற்க, கேன் தலை மாறியது. தங்கை என்னிடம் வந்தாள். அவள் தலைப் பின்னலும் ரிப்பனும் என் கன்னத்தில் உரச, இருபது லிட்டர் பாரம் என் மண்டையில் உட்கார்ந்தது. முப்பது வருடம் கழித்து. உச்சந்தலையில் பழைய வழுக்கை இருந்த இடம் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. வலியினால் என்றுதான் அப்போது நினைத்தேன். இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. பல் துலக்கிக்கொண்டு வந்தவர் நுரையோடு வாயைத் திறந்தபடி நின்றார். "ஜெராக்ஸ்காரம்மா, நீங்களா?" என்றார். "நான்தான், வழிய வுடுங்க" என்றேன். மேலே ஏறிப் போனதும் அவள் ஒற்றைக்காலில் சாய்ந்து நின்று கேனை என் தலையிலிருந்து இறக்கி, அதன் அடிவிளிம்பில் சாய்த்து உருட்டிக்கொண்டே நொண்டி நொண்டி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஒன்றரை மாதம் அப்படி நடந்தது. ஒருநாள்கூடத் தவறவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த அன்று வர முடியாது என்று கதவுக்குப் பின்னால் இருந்து சொன்னேன். "மாத்தர போட்டுக்கினு வாங்க யக்கா, மூணு கேனுதான்" என்றாள். போனேன். ஏழே முக்கால் ஆனால், எத்தனை கேன் பாக்கி இருந்தாலும், மேலே நிற்கும் அவள் குரல் வரும். "ஏ, கெளம்பு! பள்ளிக்கூடம்!" தங்கை சும்மாட்டைப் போட்டுவிட்டு ஓடுவாள். அதற்குமேல் அவள் மாடியும் என் தலையில்தான். கட்டடத்தில் ஒரு மாதிரி பேசினார்கள். வீட்டு உரிமையாளர் ஒருநாள் என்னை அழைத்து, இது குடும்பத்துக்காரர்கள் இருக்கிற இடம், இப்படி ஆளாளுக்குச் சுமை தூக்கினால் நன்றாயிருக்குமா என்றார். இவர்களும் குடும்பம்தான் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் அவள் தோரணை லேசாக ஒட்டியிருந்தது எனக்கே கேட்டது. கட்டுப் பிரித்த அன்று அவள் தன் காலால் படி ஏறி வந்தாள். சும்மாட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வெச்சிக்கோங்க. எப்பனா வேணும்" என்றாள். அப்போதுதான் ஆணி அடித்தேன்.

தங்கை பரீட்சை எழுதினாள், நர்சிங் படித்தாள், சேலத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏரி உள்வாயை விட்டு ஒரு ஓட்டு வீட்டுக்கு அவர்கள் மாறினார்கள். இனிமேல் நீ கேன் தூக்க வேண்டாமே என்று நானும் சொன்னேன், அவள் தங்கையும் சொன்னாள். கேட்கவில்லை. லைன் ஒன்றாக இருந்தது மூன்றாயிற்று. அவ்வளவு பிடிவாதம் எதற்கென்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. போன வருடம் மழை பெய்த ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்தாள். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள் நாலாக மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு தாள். எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ். மலையிலிருந்து இறங்கும்போதே எடுத்து வந்திருக்கிறாள். இத்தனை வருடம் தங்கையின் புத்தகங்களுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பத்தாவது தனியா எழுதலாமாமே. ஃபாரம் போட்டுக் குடுங்க யக்கா" என்றாள். "தங்கச்சிதான் சொல்லிக் குடுக்குது, போன்ல."

ஆயிரம் படிவம் நிரப்பிய கை எனக்கு. அன்றைக்குப் பேர் எழுதும் இடத்தில் தப்பு விட்டு, வேறு படிவம் எடுக்க வேண்டியதாயிற்று.

இன்றைக்கு முதல் பரீட்சை. அவளுக்கு எழுதும் இடம் கச்சிராயபாளையம் பக்கம் விழுந்திருக்கிறது. ஆறரைக்கெல்லாம் பஸ் ஏற வேண்டும். அவளோ லைனை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று நேற்று வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு வழக்கம்போல் கட்டட வாசலுக்கு வந்துவிட்டாள், தலையில் கேனோடு. நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு போட்டுச் சேலத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருந்த தங்கை அவள் முன்னால் போய் நின்றாள். அம்மா கொஞ்சம் தள்ளிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தல மாத்துக்கா" என்றாள் தங்கை.

"மூணு கேனுதான்டி, போட்டுட்டு..."

"நீ நிக்க மாட்ட. தல மாத்து."

அவள் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் குனிந்து நெருங்கினாள். கேன் மாறியது. கை இரண்டும் வேலையில்லாமல் தொங்க, என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள். அம்மா ஒரு துணிப்பையை அவள் கையில் திணித்து முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மேலேயிருந்து நானும் என் பங்குக்கு, "ஏ, கெளம்பு! பள்ளிக்கூடம்!" என்று கத்தினேன். தெருவில் இரண்டு மூன்று கதவு திறந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். சிரித்தாளா என்று அந்த இருட்டில் தெரியவில்லை.

அகலமான ரோட்டில் அவள் தனியாகப் போனாள். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. நாங்கள் எல்லோரும் பின்னால் இருந்தோம். கடைசியில் நடந்து பழகியவளுக்குத் திரும்பிப் பார்க்க அவசியம் இருந்ததில்லை. இன்று முனை திரும்புவதற்குள் இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் அதே இடத்தில் நிற்கிறோமா என்று பார்த்திருக்க வேண்டும்.

உள்ளே போய் ஆணியிலிருந்து சும்மாட்டை எடுத்தேன். இன்று வெள்ளிக்கிழமை. நாலரைக்கே எழுந்து வாசலைக் கழுவி, உலர்ந்த துணியால் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடி வரை ஒவ்வொரு படியாகக் குனிந்து ஒற்றி எடுத்திருந்தேன். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் போய் நின்றேன். கீழேயிருந்து தங்கையின் காலடிச் சத்தம் வந்தது. வந்து நெருங்கி நின்றாள், கேன் என் தலைக்கு மாறியது. முதல் படியில் கால் வைத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஏறினேன்.